மலையைக் கெல்லினால் எலி மட்டுமா?

"ஹாலந்தில் மலை ஏறப் போகிறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சகாராவில் நீச்சல் பழகப் போகிறவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நெதர்லாந்து நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே மேடு என்றால் பெரும்பாலும் கடலைத் தடுக்கப் போட்ட கரைதான். ஊரே கேரம் போர்டு மாதிரி சப்பட்டை!

ஆனால் மேப்பை எடுத்துக் கொஞ்சம் கீழே பாருங்கள். தென்கிழக்கு மூலையில், பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் வால் மாதிரி ஒரு துண்டு தொங்கும். அதுதான் தெற்கு லிம்பர்க். குன்று, பள்ளத்தாக்கு, சலசலக்கிற ஓடை, கோட்டை, குகை எல்லாம் உண்டு. ஹாலந்துக்காரர்கள் 'வெளிநாடு போகாமலே வெளிநாடு' என்று சொல்லிக்கொண்டு லீவுக்கு ஓடி வருகிற இடம்.

உச்சிச் சிகரத்தின் பெயர் வால்சர்பெர்க். உயரம்? சிரிக்கக் கூடாது. 322 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று சொன்னால் பாவம், வருத்தப்படுவார்கள். ரொம்ப நாளாக 'நாட்டின் மிக உயர்ந்த இடம்' என்ற பட்டம் அதற்கு இருந்தது. 2010 அக்டோபரில் அதுவும் போச்சு. கரீபியன் கடலில் உள்ள சாபா என்கிற தீவு அப்போது நெதர்லாந்தோடு நேரடியாகச் சேர்க்கப்பட்டது. அங்கே 800 மீட்டருக்கு மேல் ஒரு எரிமலை! முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர் உட்கார்ந்திருக்க, டிரான்ஸ்பரில் வந்த ஆசாமி சீனியாரிட்டி லிஸ்டில் முதலிடம் பிடிப்பது நம் ஆபீஸில் மட்டும் நடக்கிற விஷயமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஆபீஸ் வேலையாகச் சில மாதம் அந்த நாட்டில் இருந்தேன். மே மாதத்தில் ஏசுநாதர் விண்ணேறிய திருநாள் வந்தது. அது எப்போதும் வியாழக்கிழமைதான் வரும். வெள்ளிக்கிழமை ஒரு லீவு எழுதிக் கொடுத்தால் சேர்ந்தாற்போல் நாலு நாள்! (இந்தக் கணக்கில் உலகத்து குமாஸ்தாக்கள் எல்லாரும் ஒரே ஜாதி.) பக்கத்து சீட் நண்பருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். "வாங்க, எங்க மலையைக் காட்டறேன்" என்றார்.

போவதற்கு முன்பே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "எங்க மலையை மேலே மட்டும் பார்த்தா ஒண்ணுமில்ல. உள்ளே பார்க்கணும். ஆறாயிரம் வருஷமா தோண்டிக்கிட்டே இருக்கோம்."

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று நாம் சொல்வோமே, ஞாபகம் வந்தது. நாலு நாளில் அந்தப் பழமொழியையே திருத்த வேண்டியதாகிவிட்டது.

கல்லுக்குள் கடல் பல்லி

ஆம்ஸ்டர்டாமில் ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் மாஸ்ட்ரிக்ட். மாஸ் நதிக்கரையில் உள்ள ஊர். (நதிக்குப் பேரே மாஸ்!) 1992 பிப்ரவரி 7ஆம் தேதி ஐரோப்பிய யூனியனுக்கு அஸ்திவாரம் போட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது இங்கேதான். டூமாவின் நாவலால் உலகம் பூரா பிரபலமான தார்த்தன்யான் நிஜத்தில் வாழ்ந்த பிரெஞ்சு வீரர். 1673இல் இந்த ஊரை முற்றுகையிட்டபோதுதான் உயிரை விட்டார். 13ஆம் நூற்றாண்டு மாதா கோயில் ஒன்று இப்போது புத்தகக் கடை. சாமி கும்பிடுவது போலவே பயபக்தியோடு விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

ஊரை ஒட்டி இருக்கிறது சின்ட் பீட்டர்ஸ்பெர்க் குன்று. 'மெர்கல்' என்று அவர்கள் சொல்லும் மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல். ரம்பத்தால் அறுக்கலாம், அவ்வளவு மெது. நூற்றாண்டுக் கணக்கில் அறுத்து அறுத்து வீடும் கோயிலும் கட்டியதில் குன்றுக்குள் ஆயிரக்கணக்கான சுரங்க வழிகள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் 11, 12 டிகிரி. ஸ்வெட்டர் கட்டாயம்.

பாதி வழியில் வழிகாட்டி அம்மாள் விளக்கை அணைத்தார். "சுவரைத் தொட்டுக்கிட்டே நாலடி நடந்து பாருங்க" என்றார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. கூட வந்த ஒரு வாட்டசாட்டமான வாலிபர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டது விளக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும்தான்!

இந்தக் கல்லை அறுத்தவர்களுக்கு 1770களில் ஒரு ராட்சசத் தாடை எலும்பு கிடைத்தது. முதலையா, திமிங்கிலமா என்று பண்டிதர்கள் அடித்துக்கொண்டார்கள். 1794இல் ஊரைப் பிடித்த பிரெஞ்சுப் படை அதைப் பாரிசுக்குத் தூக்கிப் போனது. இன்னமும் அங்கேதான் இருக்கிறது. கடலில் வாழ்ந்த, அழிந்துபோன ஒரு பெரும் பல்லி அது என்று பிற்பாடு தெளிவானது. மாஸ் நதியின் பெயரை வைத்தே 'மோசசாரஸ்' என்று பெயரிட்டார்கள். 2015இல் வந்த 'ஜுராசிக் வேர்ல்ட்' படத்தில் தண்ணீரிலிருந்து எகிறிச் சுறாவை விழுங்குமே, அந்த அண்ணாச்சிதான்! டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டத்துக்கு, அதாவது சுமார் 7.2 கோடி முதல் 6.6 கோடி வருஷத்துக்கு முற்பட்ட காலத்துக்கு, உலக விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரே 'மாஸ்ட்ரிக்டியன்'.

தோண்டிய பள்ளம் இன்னொரு விதத்திலும் உதவியது. இரண்டாம் உலகப் போரின்போது ரெம்பிராண்ட் வரைந்த 'இரவுக் காவல்' என்ற மாபெரும் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, 1942இல் இந்தக் குன்றுக்குள் கொண்டுவந்து ஒளித்தார்கள். 1945 வரை இருட்டில் இருந்தது. ஊர் ஜனங்கள் ஒளிந்துகொள்ளவும் ரொட்டி அடுப்பு, வழிபாட்டு இடம் எல்லாம் உள்ளே தயார் செய்து வைத்திருந்தார்கள். குண்டு விழும்போது குழிதான் தெய்வம்.

அதே குன்றின் இன்னொரு பக்கத்தை 1926 முதல் ஒரு சிமெண்ட் தொழிற்சாலை பெயர்த்தெடுத்தது. மலையில் பாதியைக் காணோம்! 2018இல் கல் எடுப்பது நின்றது. இன்றைக்கு அந்தப் பள்ளத்தில் பச்சை நிறத் தண்ணீர், நடைபாதை, பாறை இடுக்கில் கூடு கட்டும் பெரிய கோட்டான்கள். வடகோடியில் பீட்டர்பூரன் என்ற கிராமத்தில் தொடங்கி நாடு நெடுகச் சுமார் 500 கிலோமீட்டர் வரும் 'பீட்டர்பாட்' என்கிற நடைவழி முடிவதும் இந்தக் குன்றில்தான். இரண்டு சிநேகிதிகள் சேர்ந்து யோசித்து 1983இல் திறந்த வழி அது. கடைசிக் கம்பத்தருகே ஒரு தம்பதி ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் படுத்திருந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பேச்சு மட்டும் இல்லை. 500 கிலோமீட்டர் சேர்ந்து நடந்தால் பேச என்ன பாக்கி இருக்கும்?

எலிக்கு ராஜ மரியாதை

இரண்டாம் நாள் ஃபால்கன்பர்க். சின்ன ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. 1853இல் கட்டிய ஸ்டேஷன் கட்டடம். இன்றும் நிற்பவற்றில் நாட்டிலேயே பழசு. ஊருக்கு மேலே உடைந்த கோட்டை. குன்றின் மேல் கட்டிய கோட்டை என்று அந்த நாட்டில் இது ஒன்றுதான். (இருப்பதே நாலு குன்று!) எதிரி உடைத்தான் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. 1672இல் பிரெஞ்சுக்காரன் கையில் சிக்கக் கூடாது என்று ஹாலந்துப் படையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டது.

கோட்டைக்குப் பக்கத்திலேயே காவ்பெர்க் என்ற ஏற்றம். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் செங்குத்தான இடத்தில் 12 சதவீதச் சரிவு. 1966 முதல் நடக்கும் ஆம்ஸ்டல் கோல்ட் சைக்கிள் பந்தயத்துக்கு இதனால்தான் பெயர். உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டிகூட இந்தச் சின்ன ஊரில் 1938 தொடங்கி 2012க்குள் ஐந்து முறை நடந்திருக்கிறது. நானும் ஒரு வாடகை சைக்கிளை எடுத்தேன். நடுவழியில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது, எழுபது வயதுப் பாட்டி ஒருவர் கூடையில் லெட்டூஸ் கீரையுடன் என்னைத் தாண்டிப் போனார். போகிறபோது "குட் மார்னிங்" வேறு!

ஊர் நடுவே ஓடுகிறது கூல் ஆறு. பார்த்தால் வாய்க்கால் மாதிரி சாது. 2021 ஜூலை மழையில் இதே சாது ஊருக்குள் புகுந்து, ஓட்டல், கடை, வீடு எல்லாவற்றையும் சேற்றில் முக்கிவிட்டது. அதே மழையில் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்கே உயிர்ச் சேதம் இல்லை. சேதத்தைச் சரிசெய்யத்தான் வருஷக் கணக்கில் ஆயிற்று. பள்ளத்தாக்கு என்றால் அழகோடு ஆபத்தும் சேர்ந்துதான் வரும் என்பது சப்பட்டை தேசத்துக்குப் புதுப் பாடம்.

எலி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மண்ணில் 'தானிய ஓநாய்' என்ற பட்டப்பெயரோடு ஒரு காட்டு எலி உண்டு. ஹாம்ஸ்டர் ஜாதி. கன்னத்துப் பையில் தானியத்தை அடைத்துக்கொண்டு வளைக்குள் ஓடும். ஒரு காலத்தில் விவசாயிகள் கண்ட இடத்தில் அடித்தார்கள். அப்புறம் பார்த்தால் இனமே அற்றுப்போகிற நிலை. மிச்சமிருந்தவற்றைப் பிடித்து இனப்பெருக்கம் செய்ய வைத்து, 2002 முதல் மறுபடி வயலில் விடுகிறார்கள். எலி குடியிருக்கும் வயலில் அதற்கென்று கதிரை அறுக்காமல் விட்டால், விவசாயிக்கு அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள்.

"எலி தின்ன சர்க்கார் காசா?" என்றேன் நண்பரிடம்.

"நாங்க மட்டும்தான் தோண்டணுமா? அதுவும் தோண்டிட்டுப் போகட்டுமே" என்றார்.

கீழே போனார், மேலே வந்தார், வேலை இல்லை

மூன்றாம் நாள் நண்பர் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். ஹேர்லன். ரோமானியர்கள் கட்டிய குளியல் கூடத்தின் மிச்சம் அங்கே மியூசியமாக இருக்கிறது. ஆனால் ஊரை வளர்த்தது வெந்நீர் இல்லை, நிலக்கரி. 20ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் முழுக்கச் சுரங்கம். நண்பரின் தாத்தா பதினைந்து வயதில் சுரங்க வேலைக்குச் சேர்ந்தவர்.

1965 டிசம்பர் 17. பொருளாதார மந்திரி யோப் டென் அய்ல், ஹேர்லன் நாடகக் கொட்டகையில் மேடை ஏறி, எல்லாச் சுரங்கத்தையும் மூடப்போவதாக அறிவித்தார். வடக்கே குரோனிங்கனில் 1959இல் பிரம்மாண்டமான எரிவாயு வயல் கிடைத்துவிட்டது. வெளிநாட்டு நிலக்கரியும் எண்ணெயும் சல்லிசு. எதற்கு இவ்வளவு ஆழத்தில் மாரடிக்க வேண்டும்? சுமார் 45,000 பேர் சுரங்கங்களில் நேரடியாக வேலை பார்த்த காலம் அது.

"தாத்தா அன்னிக்கு ஷிப்ட்ல கீழே இருந்தார். மேலே வந்ததும்தான் சேதி தெரிஞ்சுதாம். கீழே போறப்ப வேலை இருந்துது, மேலே வர்றப்ப இல்லைன்னு அடிக்கடி சொல்வார்."

மாற்று வேலை தருவோம் என்று மந்திரி வாக்குக் கொடுத்திருந்தார். அரசாங்கப் புள்ளியியல் ஆபீஸையும், சர்க்கார் ஊழியர் பென்ஷன் நிதி ஆபீஸையும் ஹேர்லனுக்குக் கொண்டுவந்தார்கள். அரசுச் சுரங்கக் கம்பெனி ரசாயனக் கம்பெனியாக உருமாறியது. ஆனால் இருபது வருஷம் நிலக்கரி வெட்டியவரை மேஜையில் உட்காரவைத்து ஜனத்தொகைக் கணக்கு எழுதச் சொன்னால் நடக்கிற காரியமா? 1974 டிசம்பர் 31இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. அப்போது பிரதம மந்திரி யார் தெரியுமா? அதே டென் அய்ல்! ஹேர்லனில் வேலையில்லாத் திண்டாட்டம், பின்னாலேயே போதை மருந்து. பேர் கெட்டுப்போய், எழுந்து நிற்கவே பல வருஷம் பிடித்தது. தாத்தாவுக்குக் கிடைத்தது முன்கூட்டியே ஓய்வும், நுரையீரல் பூரா கரித்தூசியும்.

"மாடிப்படி ஏறினா நடுவிலே உட்கார்ந்துடுவார். நாங்க குழந்தைங்க, விளையாடறார்னு நெனச்சு பக்கத்துல உட்காருவோம்" என்றார் நண்பர். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

'கறுப்பிலிருந்து பச்சைக்கு' என்று ஒரு திட்டம் போட்டு, சுரங்க அடையாளங்களை அழித்துப் பூங்காவாக மாற்றினார்கள். பக்கத்து ஊரில் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு ஒன்று இன்று வில்ஹெல்மினா மலை! 500க்கும் மேற்பட்ட படிகள். இன்னொரு பக்கம் கூரை போட்டுச் செயற்கைப் பனிச்சறுக்கு. நாங்கள் படி ஏறினோம். நான் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். நண்பர் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

இன்னொரு வேடிக்கை. நிலக்கரியை ஒழித்த குரோனிங்கன் எரிவாயு இருக்கிறதே, அதை எடுக்க எடுக்க அங்கே பூமி அதிர்ந்து வீடுகள் விரிசல் விட்டன. 2024இல் அந்த வயலையும் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

துத்தநாகம் பூத்த பூ

நாலாம் நாள்தான் அசல் நடை. ஏபன் என்ற கிராமத்திலிருந்து கூல் ஆற்றோரம். மரச் சட்டம் கறுப்பு, சுவர் வெள்ளை என்று கட்டம் போட்ட வீடுகள். கிளை ரோடு பிரிகிற இடத்தில், நம்மூர் வழிப் பிள்ளையார் போல, ஒரு சிலுவை. பாதை நேரே விவசாயியின் மாட்டு மேய்ச்சலுக்குள் போகும். மனுஷன் நுழையலாம், மாடு நுழையாது என்று சுழலும் இரும்புக் கதவு வைத்திருக்கிறார்கள். (தொப்பை விஷயத்தில் நானும் மாடும் ஒரே கட்சி. ஆனாலும் நுழைந்துவிட்டேன்.) சந்திப்புகளில் கம்பம் நட்டு நம்பர் போட்டிருக்கிறது. எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் என்று சீட்டில் எழுதிக்கொண்டால் போதும். வழி கேட்கவே வேண்டாம்.

ஆற்றோரப் புல்லில் சின்னதாக மஞ்சள் பூ. நண்பர் குனிந்து காட்டினார். 'துத்தநாக வயலட்'. எல்லைக்கு அப்பால் பெல்ஜியப் பக்கம் பழைய துத்தநாகச் சுரங்கங்கள். அந்தக் கழிவை ஆறு அடித்துக்கொண்டு வந்து கரையில் படியவைத்தது. மற்றச் செடிகளுக்கு அந்த மண் விஷம். இந்தப் பூவுக்கு அதுதான் வீடு! சுரங்கம் நின்று, மண்ணில் உலோகம் குறையக் குறைய இந்தப் பூவும் அருகி வருகிறதாம்.

அந்தத் துத்தநாகத்துக்காக ஒரு குட்டி தேசமே இருந்தது. 1816இல் நெதர்லாந்தும் பிரஷ்யாவும் எல்லை பிரித்தபோது, சுரங்கம் இருந்த ஊர் யாருக்கு என்று தகராறு. இருவருக்கும் இல்லை என்று முடிவு செய்தார்கள். சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டரில் 'நடுநிலை மோரஸ்னெட்' பிறந்தது. 1885இல் துத்தநாகம் தீர்ந்தது. சும்மா இருப்பார்களா? தனித் தபால்தலை போட்டார்கள், சூதாட்ட விடுதி யோசித்தார்கள். 1908இல் மோலி என்கிற டாக்டர், எஸ்பெராண்டோ என்ற உலகப் பொதுமொழியைப் பேசும் முதல் நாடாக்குவோம் என்று கிளம்பினார். 'நட்புத்தலம்' என்று அர்த்தம் வரும்படி அதற்குப் பேர்கூட வைத்தாயிற்று. முதல் உலகப் போர் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போக, 1920இல் அந்த இடம் பெல்ஜியத்தோடு சேர்ந்தது.

வால்சர்பெர்க் உச்சியில் இப்போது மூன்று நாடுகள் சந்திக்கும் கல் நிற்கிறது. அன்று நாலு! கல்லை ஒரு சுற்று சுற்றினால் ஐந்து விநாடியில் மூன்று தேசம். பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. ஒரு சிறுவன் மூன்று நாட்டிலும் மாறி மாறிக் குதித்தான். அவன் அப்பா ஒரே நாட்டில் உட்கார்ந்து பீர் குடித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மே, ஜூன் உத்தமம். மாஸ்ட்ரிக்ட்டில் ரூம் போட்டுக்கொண்டால் எல்லா இடத்துக்கும் பஸ், ரயில் உண்டு. 'ஃப்ளாய்' என்ற பழப் பணியாரத்தைத் தவறவிடாதீர்கள். அரிசியும் பாலும் சர்க்கரையும் வைத்தது ஒரு ரகம். சர்க்கரைப் பொங்கலைத் தட்டில் சுட்ட மாதிரி. 'ஸூர்ஃப்ளேஸ்' என்ற புளிப்புக் கறி வந்தால் மட்டும் எந்தப் பிராணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பிரதாயப்படி அது குதிரை!

வால்ஸிலிருந்து மாஸ்ட்ரிக்ட் திரும்பும் ரோட்டில் மார்கிராட்டன் என்ற ஊர். நண்பர் அங்கே இறங்கச் சொன்னார். கையில் ஒரு கொத்துப் பூ. அமெரிக்க ராணுவக் கல்லறை. 8,000க்கும் அதிகமான வெள்ளைச் சலவைக்கல் சிலுவைகள், வரிசை பிசகாமல். 1944 இலையுதிர் காலத்தில், மழையிலும் சேற்றிலும் இங்கே குழி தோண்டியவர்கள் கறுப்பினச் சிப்பாய்கள். அமெரிக்க ராணுவம் அன்று வெள்ளையருக்கு ஒரு பிரிவு, கறுப்பருக்கு ஒரு பிரிவு என்றிருந்தது. துப்பாக்கிக்குப் பதில் இவர்கள் கையில் மண்வெட்டி. லாரியில் வந்த உடல்களை நாள் கணக்கில் புதைத்தார்கள்.

1945 முதல் ஒவ்வொரு கல்லறையையும் சுற்றுவட்டாரக் குடும்பம் ஒன்று தத்து எடுத்திருக்கிறது. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் பூ வைக்கும். பாட்டி போனால் மகள், மகளுக்குப் பின் பேரன். இன்றும் ஒரு கல்லறைகூட ஆளில்லாமல் இல்லை. தத்து எடுக்கக் காத்திருப்போர் பட்டியலே இருக்கிறது!

நண்பரின் குடும்பத்துக்கும் ஒன்று. சுரங்கத் தாத்தா எடுத்தது. முகம் தெரியாத இருபத்திரண்டு வயதுப் பையன். "தாத்தா மூச்சு வாங்கிக்கிட்டே வருவார். நாள் பூரா மண்ணுக்குள்ளே இருந்தவன் நான், உள்ளே இருக்கிறவனைப் பார்க்க ஒரு ஆள் மேலே வரணும்பார்" என்றார் நண்பர்.

பூவை வைத்துவிட்டு, கல்லில் ஒட்டியிருந்த புல்லைக் கைக்குட்டையால் துடைத்தார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.